பின் டிஸ்க் பிறேக்: பேட் தேய்ந்ததை எப்படி அறிவது, வீட்டில் எப்படி மாற்றுவது

வன்னியில் பைக் ஓட்டுபவர்களில் பெரும்பாலானோர் நம்பியிருப்பது கால் பிறேக்கைத்தான். அதற்குக் காரணம் றோட்டு. ஏ9 இருக்கிறது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 இருக்கிறது. பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகும் ஏ35 இருக்கிறது. ஆனால் வீட்டுக்கும் வயலுக்கும் போக வேண்டுமென்றால் தாரை விட்டு இறங்கிக் கிரவல் பாதையில் திரும்பத்தான் வேண்டும். கிரவலில் கை பிறேக்கைச் சட்டென்று பிடித்தால் முன் சில்லு வழுக்கி ஆளை விழுத்திவிடும். அந்தப் பயத்தில் கால் தானாகவே பெடலில் போய் நிற்கிறது. பின்னால் ஒரு ஆள், சில நேரம் ஆளோடு ஒரு மூட்டை. சோளகம் வீசும் மாதங்களில் முன் சில்லு கிளப்பும் புழுதி எல்லாம் பின் பிறேக்கில் போய்ப் படிகிறது. மாரியில் அதே இடத்தில் சேறு. இவ்வளவையும் தாங்கி நிற்பது உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு துண்டுகள். அவைதான் பிறேக் பேட்கள்.

அவற்றை வீட்டு முற்றத்தில் வைத்தே மாற்றலாம். சில்லைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்காமல் போல்ட்டில் ஸ்பனரை வைக்க வேண்டாம். இந்த வேலையில் வரும் ஆபத்துகள் அநேகமாக எல்லாமே பிஸ்டன் என்ற ஒரு சாமானின் போக்கைத் தெரிந்துகொள்ளாததால் வருபவை. ஆகவே முதலில் அது.

டிரம்மில் வந்த எச்சரிக்கை டிஸ்கில் வராது

எங்கள் பக்கத்தில் அனேகர் பழகியது டிரம் பிறேக்கில். சிடி 100, பிளாட்டினா, ஸ்பிளெண்டர் போன்றவற்றின் பின் சில்லில் இருப்பது அதுதான். டிரம்முக்குள் இருக்கும் பிறேக் ஷூ தேயத் தேய, பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். முன்பு பாதி மிதித்தால் பிடித்தது, இப்போது அடிவரை மிதிக்க வேண்டியிருக்கிறது என்று காலே சொல்லிவிடும். உடனே பின்னுக்குக் குனிந்து, கம்பியின் நுனியில் இருக்கும் நட்டை இரண்டு சுற்று இறுக்கிவிட்டுப் போவோம். நட்டை இறுக்க இடமில்லாமல் போனால் ஷூ முடிந்தது என்று அர்த்தம்.

பல்சர் 220, என்எஸ் 200, அப்பாச்சி ஆர்டிஆர் 200, புதிய எஃப்இசட் போன்றவற்றில் பின்னுக்கும் டிஸ்க், அதாவது சில்லோடு சேர்ந்து சுற்றும் வட்டத் தட்டு; பேட்கள் அதை இரு பக்கமும் கவ்வும். இவற்றில் பெடல் இறங்காது. பேட் புதிதாக இருந்த நாளில் பெடல் எந்த உயரத்தில் பிடித்ததோ, அநேகமாக அதே உயரத்தில்தான் பேட் முடியும் நாளிலும் பிடிக்கும். டிரம் பழக்கத்தில் இருப்பவர் பெடல் இறங்கட்டும் என்று காத்திருப்பார். அது இறங்காது. ஒருநாள் கரகரவென்று சத்தம் வரும். அப்போது பேட்டில் ஒன்றும் மிஞ்சியிருக்காது, இரும்புத் தகடு டிஸ்க்கை அராவிக்கொண்டிருக்கும். பேட் மட்டும் வாங்க வேண்டிய இடத்தில் டிஸ்க்கும் சேர்த்து வாங்க வேண்டி வரும்.

ஏன் பெடல் இறங்குவதில்லை? கால் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சின்னப் பிஸ்டன் பிறேக் ஓயிலைத் தள்ளுகிறது. ஓயில் ரியூப் வழியாகப் போய், டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் கலிப்பருக்குள் இருக்கும் பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. மருந்தேற்றும் சிரிஞ்சில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று எடுத்து, இரண்டையும் ஒரு ரியூப்பால் தொடுத்துத் தண்ணீர் நிரப்பிச் சின்னதை அழுத்திப் பாருங்கள். பெரியது மெதுவாகத்தான் நகரும், ஆனால் அதை விரலால் தடுத்து நிறுத்த முடியாது. அடைத்து வைத்த திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்ற பாஸ்கலின் விதிதான் இது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 14 மில்லிமீற்றர் விட்டம், கலிப்பரின் பிஸ்டன் 28 மில்லிமீற்றர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. ஆகவே தள்ளும் விசையும் நான்கு மடங்கு. பெடலே ஒரு நெம்புகோல் என்பதால் அதன் பங்கு தனி.

பெரிய பிஸ்டன் ஒரு பேட்டைத் தள்ளி டிஸ்க்கில் அழுத்துகிறது. மற்றப் பேட்டைத் தள்ள அந்தப் பக்கத்தில் பிஸ்டன் இல்லை. இந்த பைக்குகளின் பின் சில்லுக் கலிப்பர், வழுக்கும் பின்கள் எனப்படும் இரண்டு உருண்டைக் கம்பிகளில் மிதக்கிறது. பிஸ்டன் பக்கத்துப் பேட் டிஸ்க்கில் முட்டியதும் கலிப்பர் முழுவதும் எதிர்ப்பக்கமாக நகர்ந்து மற்றப் பேட்டையும் இழுத்து வந்து டிஸ்க்கில் அழுத்தும். இரண்டும் சேர்ந்து கவ்வும்போது சில்லு நிற்கிறது.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதற்கு ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டு உள்ள ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. பிஸ்டன் முன்னுக்குப் போகும்போது அந்த ரப்பர் அதோடு சேர்ந்து வளையும். அழுத்தம் நின்றதும் ரப்பர் நிமிரும், பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கும். அவ்வளவுதான். பேட் தேய்ந்து பிஸ்டன் இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போக வேண்டி வந்தால், ரப்பர் வளைய முடிந்த அளவு வளைந்துவிட்டு, பிஸ்டனை வழுக்கிப் போக விட்டுவிடும். போனது போனதுதான். அடுத்த மிதிப்பு அந்தப் புதிய இடத்திலிருந்தே தொடங்கும்.

டிஸ்க் பிறேக் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது என்று சொல்வது இதைத்தான். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். இரண்டு பேட்களும் தலா 3 மில்லிமீற்றர் தேய்ந்தால் பிஸ்டன் 6 மில்லிமீற்றர் வெளியே வந்திருக்கும். அது விட்டுவந்த இடத்தை நிரப்ப ஓயில் வேண்டும். 28 மில்லிமீற்றர் பிஸ்டன் என்றால் ஏறத்தாழ 3.7 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அது பின்பக்க ஓயில் டப்பாவிலிருந்துதான் வருகிறது. பின் டப்பா சின்னது என்பதால் இவ்வளவு குறைந்தாலே கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே டப்பாவில் ஓயில் இறங்குகிறது, எங்கும் கசிவு இல்லை என்றால், முதலில் பேட்டைப் பாருங்கள். ஓயில் குறைந்திருக்கிறதே என்று மேலே ஊற்றி நிரப்பாதீர்கள். நிரப்பினால் பைக் தந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிடுகிறீர்கள். புதுப் பேட் போடும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த மேலதிக ஓயில் டப்பாவுக்கு வெளியே வழியும். பிறேக் ஓயில் பெயிண்டைத் தின்னும். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கிப் பேட்டும் தடிப்பாக இருந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டும். அது கசிவு, உடனே கராஜுக்கு.

தேய்வைப் பார்க்கும் விதம்

சங்கிலி பெரும்பாலும் இடது பக்கம், டிஸ்க் வலது பக்கம். பைக்கின் பின்னுக்குக் குந்தியிருந்து ரோச் லைற்றைக் கலிப்பரின் இடைவெளிக்குள் அடியுங்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு இரும்புத் தகடு, தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு படை. தேய்வது அந்தப் படைதான். புதிதில் அது பல பேட்களில் 4 முதல் 6 மில்லிமீற்றர் வரை இருக்கும். 2 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் புதுப் பேட் வாங்கும் நேரம். பல பேட்களின் முகத்தில் நீளமாக ஒரு வெட்டுக் கோடு இருக்கும். அந்தக் கோடு அழிந்துவிட்டால் எல்லை முடிந்தது.

இரண்டு பேட்களையும் பாருங்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. துணுக்காய்ப் பக்கம் ஓடும் ஒரு பைக்கின் பேட்களைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கப் பேட்டில் வெட்டுக் கோடு தெளிவாகத் தெரிந்தது, பாதிக்கு மேல் மிச்சம். உட்பக்கப் பேட்டின் ஒரு முனையில் படையே இல்லை. இரும்புத் தகடு கண்ணாடி மாதிரி மினுங்கியது, மற்ற முனையில் ஆப்பு வடிவத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. டிஸ்க்கின் உட்பக்கத்தில் நகம் சிக்கும் அளவுக்கு வட்ட வட்டமாக வரிகள். வெளியிலிருந்து மட்டும் பார்த்தவருக்கு இன்னும் ஆறு மாதம் ஓடலாம் என்றுதான் தோன்றும். காரணம் அந்த வழுக்கும் பின்கள். கிரீஸ் காய்ந்து, செம்புழுதி ஏறி, துருப்பிடித்து இறுகிவிட்டன. கலிப்பர் மிதக்காவிட்டால் பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் வேலை செய்யும், அது மட்டும் தேயும். முல்லைத்தீவு, கொக்கிளாய், நாயாறு என்று கடற்கரையில் ஓடும் பைக்குகளில் உப்புக் காற்றால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

டிஸ்க்கையும் விரலால் தடவிப் பாருங்கள், குளிர்ந்த பிறகு. அதன் குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட் போட்டும் பயனில்லை.

பேட் வாங்கும்போது

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் பழைய பைக்கைத் திருத்தித் திருத்தி ஓடியவர்கள் ஏராளம். சாமான் கடைகளில் ஒரே மொடலுக்கு நாலைந்து விதப் பேட் கிடைக்கும். பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல் மொடல், ஆண்டு இரண்டையும் சொல்லுங்கள். முடிந்தால் கழற்றிய பேட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெயரில் வந்த பைக்குகளிலும் ஆண்டுக்கு ஆண்டு கலிப்பர் மாறியிருக்கும். பேட்டின் ஓரத்தைப் பாருங்கள்: படை தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், வெடிப்போ உதிர்வோ இருக்கக்கூடாது. அநியாய மலிவுக்குக் கிடைக்கும் பெயரில்லாத பேட் எனக்கு உடன்பாடில்லை. படை தகட்டை விட்டுக் கழன்றால் பிறேக்கே இல்லை. முழுக்க உலோகத்தூளால் ஆன பேட் அதிக காலம் போகும், ஆனால் டிஸ்க்கை அதிகம் தின்னும். 150, 200 சிசி பைக்குக்கு, வன்னி ஓட்டத்துக்கு, கொம்பனி போட்டு அனுப்பிய வகையே போதும். எப்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கழற்றுவது

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஸ்பனர் பெரும்பாலும் 12 அல்லது 14, அலன் கீ ஒரு செட், கொறடு, பழைய பற்தூரிகை, சுத்தமான பழஞ்சீலை, கொஞ்சம் கட்டுக்கம்பி, ஊசியில்லாத சிரிஞ்சு, பிறேக்குக்கென்று விற்கும் சிலிக்கன் கிரீஸ். பிஸ்டனை அழுத்த ஒரு கவ்வி இருந்தால் நல்லது.

வெயில் படாத, சமமான, இறுகிய தரையில் டபிள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டபிள் ஸ்டாண்ட் இல்லாத பைக் என்றால் முன் சில்லுக்குக் கல் அடை வைத்து, பைக் சரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மணலில் வைத்துச் செய்ய வேண்டாம். விழுந்த கிளிப்பைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும், கிரீஸில் மணலும் ஏறிவிடும். ஓடி வந்த உடனே தொடாதீர்கள், டிஸ்க் சுடும். முதலில் கலிப்பரையும் சுற்றுப்புறத்தையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பேட் தூளை வாயாலோ காற்றாலோ ஊதக் கூடாது. பழைய பேட்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரச் சீலையால் துடைப்பதே முறை.

கழற்ற முன் கைத்தொலைபேசியால் இரண்டு மூன்று படம் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங் தகடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்ற கேள்வி பூட்டும்போது கட்டாயம் வரும். பேட்களைத் தாங்கும் பின் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதன் நுனியில் ஒரு கிளிப் அல்லது மூடி. கலிப்பர் பைக்கில் பூட்டியபடி இருக்கும்போதே அந்தப் பின்னை இளக்கிவிடுங்கள். கலிப்பரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறுகிய பின்னோடு மல்லுக்கட்டுவது பெரும் பாடு. பிறகு கலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களையும் கழற்றி, அதை டிஸ்க்கிலிருந்து மெதுவாக எடுங்கள். சில மொடல்களில் பின்னைக் கழற்றியதுமே பேட்கள் வந்துவிடும். ஆனாலும் உள்ளே சுத்தம் செய்யக் கலிப்பரை எடுப்பதே நல்லது.

எடுத்த கலிப்பரை ஓயில் ரியூப்பில் தொங்க விடாதீர்கள். கட்டுக்கம்பியால் எங்காவது கட்டிவிடுங்கள். பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள பைக் என்றால் பக்கத்தில் ஓடும் மெல்லிய வயரையும் கவனியுங்கள். இப்போதிருந்து பூட்டி முடியும் வரை பெடலை யாரும் தொடக்கூடாது. டிஸ்க் நடுவில் இல்லாதபோது மிதித்தால் பிஸ்டனைத் தடுக்க எதுவும் இல்லை, அது கழன்று வெளியே விழுந்து ஓயிலும் கொட்டும். பைக்கைக் கண்டால் ஏறி விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை முதலே சொல்லி வையுங்கள்.

பிஸ்டனை உள்ளே அனுப்புவது

பழைய பேட்கள் மெல்லியவை, புதியவை தடித்தவை. மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்த பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ளினால்தான் புதுப் பேட்களுக்கு நடுவில் டிஸ்க் நுழைய இடம் கிடைக்கும்.

தள்ள முன் பிஸ்டனைச் சுத்தம் செய்யுங்கள். பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான். வெளியே நிற்கும் பிஸ்டனின் வட்டத்தைச் சுற்றிப் பேட் தூளும் கிரவல் புழுதியும் கலந்து காய்ந்து ஒட்டியிருக்கும். அப்படியே தள்ளினால் அந்த அழுக்கு முழுவதும் ரப்பர் வளையத்தைக் கீறிக்கொண்டு உள்ளே போகும். கொஞ்ச நாளில் பிஸ்டன் இறுகும், இல்லாவிட்டால் ஓயில் கசியும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த பற்தூரிகையால் சுற்றிவரத் தேயுங்கள், பின்பக்கம் கை எட்டாத இடத்துக்குச் சீலையைக் கயிறு போல முறுக்கி இழுங்கள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம், அவை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பிஸ்டனில் துருக்குழி தெரிந்தால் வீட்டு வேலையை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து ஓயில் டப்பாவைச் சுற்றிச் சீலையைச் சுற்றி, மூடியைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டனின் மேல் வைத்துக் கவ்வியால் மெதுவாக இறுக்குங்கள். கவ்வி இல்லாவிட்டால் இரண்டு கைப் பெருவிரல்களாலும் அழுத்தலாம். சுத்தமான பிஸ்டன் அதற்கே போய்விடும். நேராகப் போகிறதா என்று பாருங்கள், சரிந்தால் நிறுத்தி மறுபக்கம் அழுத்துங்கள். டப்பாவில் ஓயில் ஏறுவதையும் பார்த்துக்கொண்டே இருங்கள். பேட் தேயும்போது கலிப்பருக்குப் போன ஓயில்தான் இப்போது திரும்பி வருகிறது. மேல் கோட்டைத் தாண்டப் போனால் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பெயிண்டில் சிந்தியதைத் துடைப்பதோடு விடாமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அப்படித்தான்.

முழு பலத்தால் அழுத்தியும் பிஸ்டன் அசையவில்லை என்றால் அது இறுகிவிட்டது. சுத்தியல் எடுக்க வேண்டாம். கலிப்பரைத் திரும்பப் பூட்டிக் கராஜில் கொடுப்பதே சரி.

பூட்டுவது

வழுக்கும் பின்களை இழுத்து எடுத்துப் பழைய கிரீஸைத் துடையுங்கள். துரு லேசாக இருந்தால் மெல்லிய எமறிப் பேப்பரால் உரசிச் சுத்தமாக்கிச் சிலிக்கன் கிரீஸை மெல்லிதாகப் பூசுங்கள். சாதாரணக் கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைக்கும். விரலால் தள்ளினால் கலிப்பர் தடையில்லாமல் முன்னும் பின்னும் ஓட வேண்டும். எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டுப் புதுப் பேட்களை எடுங்கள். முகத்தைத் தொடாமல் ஓரத்தில் பிடியுங்கள். படை உள்ள பக்கம் டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்பிரிங் தகடு பழைய இடத்தில் இருக்கிறதா என்று படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னைப் போட்டு, கலிப்பரை டிஸ்க்கின் மேல் நேராக இறக்குங்கள். இறங்க மறுத்தால் பிஸ்டன் இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை.

போல்ட்களை முதலில் கையால் சுற்றுங்கள். நாலைந்து சுற்று கையாலேயே போக வேண்டும். ஸ்பனரால் தொடங்கினால் புரி சரிந்து ஏறி அலுமினியம் பிய்ந்துவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு பைக்கோடு வந்த கையேட்டில் இருக்கும். அளந்து இறுக்கும் ஸ்பனர் கிடைத்தால் அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் சாதாரண நீள ஸ்பனரால் உறுதியாக இறுக்குங்கள், பைப் மாட்டி நீட்டி இறுக்க வேண்டாம். பின்னையும் இறுக்கி, கிளிப்பை மறக்காமல் போடுங்கள். டப்பாவின் மூடியைப் பூட்டுங்கள்.

இப்போது வேலை முடிந்த மாதிரி இருக்கும். முடியவில்லை. பிஸ்டன் முழுதாக உள்ளே நிற்கிறது. அதற்கும் பேட்டுக்கும், பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் வெற்றிடம். இந்த நிலையில் முதல் மிதிப்பு ஒன்றையும் பிடிக்காது, பெடல் தடையே இல்லாமல் அடிக்குப் போய்விடும். பேட் மாற்றிய சந்தோஷத்தில் அப்படியே ஏறி ஓடிப்போய், றோட்டுக்கு ஏறும் இடத்தில் முதன்முறை மிதித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இருட்டினால் ஏ9இலேயே மாடுகள் படுத்திருக்கும் ஊர் இது.

அதனால் பைக்கில் ஏற முன், நின்ற இடத்திலேயே பெடலை மெதுவாக மிதித்து விடுங்கள், திரும்ப மிதித்து விடுங்கள். ஒவ்வொரு மிதிப்புக்கும் பிஸ்டன் கொஞ்சம் வெளியே வரும். பத்துப் பதினைந்து மிதிப்பில் பெடல் கல்லாக நிற்கும். அதன் பிறகு ஓயில் மட்டத்தைப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பின் சில்லைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். மெல்லிய உரசல் சத்தம் இருக்கலாம், சில்லு தாராளமாகச் சுற்ற வேண்டும். பெடலை மிதித்தால் உடனே நிற்க வேண்டும், பின் லைற்றும் எரிய வேண்டும். எத்தனை தரம் மிதித்தும் பெடல் பஞ்சு போலவே இருந்தால் ரியூப்புக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. காற்று எடுக்கும் வேலை தனி. அதை நன்றாகத் தெரிந்தவரிடம் விடுங்கள், பைக்கை ஓட்டிக்கொண்டல்ல, உருட்டிக்கொண்டு போங்கள்.

புதுப் பேட் பழகும் வரை

புதுப் பேட்டின் முகம் சமதளம். பழைய டிஸ்க்கில் வரிகள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும். வாகனம் குறைந்த நேரத்தில் தார் றோட்டில் போய், 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து மெதுவாக மிதித்து 15க்குக் கொண்டுவாருங்கள். முழுதாக நிறுத்தாமல் திரும்ப வேகம் எடுத்து, டிஸ்க் ஆறக் கொஞ்சம் ஓடிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். இருபது முப்பது தரம் செய்தால் பிடிப்பு ஏறுவது காலுக்குத் தெரியும். முதல் சில நாட்களுக்கு முன்னால் போகும் வாகனத்திலிருந்து வழமையைவிடத் தள்ளி ஓடுங்கள், பின்னால் மூட்டை ஏற்ற வேண்டாம். ஒன்றிரண்டு நாள் ஓடிய பிறகு போல்ட்களில் ஒருதரம் ஸ்பனரை வைத்துப் பாருங்கள்.

பிறேக் ஓயில் பற்றியும் ஒரு விஷயம். பெரும்பாலான இந்த பைக்குகளுக்கு டொட் 4 (DOT 4) என்ற வகை ஓயில். டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும், அதில் உள்ளதையே ஊற்ற வேண்டும். இந்த ஓயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 கொதிக்க 230 பாகையாவது வேண்டும், ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். வன்னி தட்டை நிலம். நீண்ட மலை இறக்கம் இல்லை, ஓயில் கொதிப்பது இங்கே பெரிய கவலையில்லை. எங்கள் கவலை அந்த ஈரம் உள்ளே பிஸ்டனையும் சிலிண்டரையும் துருப்பிடிக்க வைப்பது. திறந்து மாதக் கணக்கில் வைத்த போத்தலிலிருந்து ஊற்றாதீர்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓயிலை மாற்றுங்கள். பெடலில் எந்நேரமும் பாதத்தை வைத்துக்கொண்டு ஓடும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். அப்படி ஓடினால் பேட் சும்மா உரசிக்கொண்டே வந்து சூடாகித் தேயும், பின் லைற்றும் எரிந்துகொண்டே இருப்பதால் பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது நிற்கப் போகிறீர்கள் என்று தெரியாது.

செயினுக்கு ஓயில் விடும்போது டிஸ்க்கையும் கலிப்பரையும் சீலையால் மூடுங்கள். கழித்த எஞ்சின் ஓயிலைச் செயினில் ஊற்றும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. சில்லு சுற்றும்போது அது நாலா பக்கமும் தெறிக்கும். டிஸ்க்கில் பட்டதைப் பிறேக் கிளீனரால் துடைத்து எடுத்துவிடலாம். பேட் அப்படியில்லை. எண்ணெயை உள்ளே உறிஞ்சிவிடும், எமறிப் பேப்பரால் உரசினாலும் நெருப்பில் காட்டினாலும் போகாது. நேற்றுப் போட்ட பேட் என்றாலும் அதைக் கழற்றிவிட்டு வேறு ஒரு செட் வாங்கத்தான் வேண்டும்.